தம்பி முறை

"பெருசாவே போடு," என்றார் எதிராஜ்.

தர்ஷினி மடியிலிருந்த லேப்டாப்பை அப்பா பக்கம் திருப்பிக் காட்டினாள். சிறிய நிலம், நடுத்தரம், பெரிய நிலம் என்று திரையில் மூன்று கட்டங்கள் இருந்தன. சிறியதில் ஆடினால் ஐந்தாறு மாதத்தில் ஆட்டம் முடிந்துவிடும். பெரியது வருஷக்கணக்கில் இழுக்கும். போன வாரம் முடிந்த ஆட்டத்தை ஆரம்பித்தபோது அப்பா நன்றாக இருந்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி, துணி உலர்த்திவிட்டு வருவார்.

"நடுவுல இருக்கறத போடட்டாப்பா?"

பதில் வர நேரமாயிற்று. ஒவ்வொரு பேச்சுக்கும் அவர் மூச்சைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டியே காலம் கழித்தவருக்கு அந்தச் சத்தம் தொந்தரவாக இல்லை. கரண்ட் போய் அது நின்றால்தான் தூக்கத்திலிருந்து விழித்துக்கொள்வார்.

"பெருசு," என்றார்.

அவள் பெரியதை அழுத்தினாள். ஆட்டம் ஒவ்வொன்றாகக் கேட்டது. கடல் எவ்வளவு, மலை எவ்வளவு, எத்தனை பேர் ஆடுகிறார்கள். இரண்டு பேர். முதலில் யார் என்று வந்தபோது, அவரைக் கேட்காமலே அப்பாவின் பெயரைப் போடப் போனாள். எப்போதும் அப்படித்தான், மூத்தவர் முதலில்.

"அவன் ஆடட்டும். இந்தவாட்டி."

"சித்தப்பாவா?"

"ஜெயிச்சவன் அவன்தானே."

அப்பாவும் சித்தப்பா முனிகிருஷ்ணனும் இதை ஊர்புடி ஆட்டம் என்பார்கள். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய சிடியில் இருந்தது. வெற்று நிலத்தில் ஊர் கட்டி, படை சேர்த்து, மற்றவன் ஊரைப் பிடிக்க வேண்டும். ஒருவர் ஆடி முடித்த பிறகுதான் அடுத்தவர் ஆட முடியும். அந்த நாளில் இரண்டு பேரும் ஸ்ரீராம்புரத்து இதே வீட்டில், ஒரே கம்ப்யூட்டரின் முன்னால் ஆடினார்கள். அண்ணன் ஆடும்போது தம்பி பார்த்துவிடக் கூடாது என்று சந்துக்குப் போய் நிற்பார். சில நாள் அண்ணன் யோசித்து முடிப்பதற்குள் தம்பி டீக்கடைவரை போய், டீ குடித்து, இன்னொருவரோடு சண்டையும் போட்டுவிட்டு வந்திருப்பார்.

பிறகு தாத்தா இறந்துபோனார். சித்தப்பா அப்போது ஹுப்பள்ளியில் வேலையாக இருந்தார். பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறேன், துமகூர் தாண்டிவிட்டேன், எடுத்துவிடாதீர்கள் என்று போன் செய்தார். நேரமாகிறது என்றார்கள் பெரியவர்கள். அப்பா தலையாட்டிவிட்டார். சித்தப்பா பையோடு சந்துக்குள் நுழைந்தபோது பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் வாசற்படி ஏறவில்லை. ஈரத் தரையையே கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். அப்படியே திரும்பிப் போனவர் அதன்பின் அண்ணனோடு பேசவில்லை. போன் நம்பரையும் மாற்றிவிட்டார்.

தர்ஷினி பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஒருநாள் அப்பா, அந்த ஆட்டத்தை மெயில் வழியாகவும் ஆடலாமாமே என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார். ஆடலாம் என்றாள். ஒருவர் தன் முறையை ஆடி, ஃபைலை அனுப்ப வேண்டும். அடுத்தவர் அதைத் திறந்து தன் முறையை ஆடித் திருப்பி அனுப்ப வேண்டும்.

"பேச்சு கீச்சு எதுவும் வாணாம்," என்றார் அப்பா. "ஆட்டம் மட்டும் போய் வரட்டும்."

அவள், ஹுப்பள்ளியிலிருந்து திரும்பிவந்த சித்தப்பா பொம்மனஹள்ளியில் வேலை பார்த்த கம்பெனி வாசலுக்குப் போய் நின்றாள். அவர் அவளை எதிரிலிருந்த 'தர்ஷினி' ஓட்டலுக்குக் கூட்டிப்போய், நின்றபடியே காப்பி குடிக்கும் மேஜையருகே நிறுத்தி, "ஊர் பூரா உன் பேர்ல ஓட்டல் தொறந்து வெச்சிருக்கான், உனக்கு ஒரு பைசா தர்றானா?" என்று கேட்டார். அவள் விஷயத்தைச் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. காப்பி ஆறும்வரை யோசித்தார். அவரும் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். அண்ணன் போட்ட அதே நிபந்தனை.

எனவே அவள் ஆளுக்கொரு மெயில் முகவரி தொடங்கினாள், ஆட்டத்துக்கு மட்டுமாக. ஒரு சின்ன புரோக்ராமும் எழுதி இரண்டு லேப்டாப்பிலும் போட்டாள். வருகிற மெயிலிலிருந்து ஆட்டத்தின் ஃபைலை மட்டும் எடுத்து உரிய இடத்தில் வைத்துவிட்டு, மணி அடித்து, 'உங்கள் முறை' என்று அது காட்டும். ஆடி முடித்தால் தானே அனுப்பிவிடும். மெயிலில் வருகிற மற்றதையெல்லாம் அழித்துவிடும். இருவருமே மெயிலைத் திறக்க வேண்டியதில்லை. அவள் படிப்பைக் கொண்டு உருப்படியாகச் செய்த முதல் காரியம் அது. எட்டு வருஷமாக ஒரு நாளும் பழுதாகவில்லை. சித்தப்பாவின் கம்பெனி நடுவில் மூடிப்போயிற்று. அத்திபெலே பக்கம் எங்கேயோ இருக்கிறார் என்று யாரோ பார்த்தவர்கள் சொன்னார்கள். ஃபைல் மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

"அனுப்பிட்டியா?" என்று அப்பா கேட்டார்.

"அனுப்பிட்டேன்."

"எப்ப வரும்?"

"ஞாயித்துக்கெழமதானேப்பா. வீட்லதான் இருப்பாரு. இன்னிக்கே வந்துடும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தர்ஷினி லேப்டாப்பை உள்ளறையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அம்மா பிரபா ராகிக் கஞ்சியைக் கட்டி தட்டாமல் கிளறிக்கொண்டிருந்தாள். புது ஆட்டமா என்று கேட்டாள். ஆமாம், பெரிய நிலம் என்றாள் தர்ஷினி. அம்மா அடுப்பைச் சிறிதாக்கினாள்.

டம்ளரோடு திரும்பி வந்தபோது அப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. மூக்குக் குழாய் இடத்தில்தான் இருந்தது. அவள் டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு, போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்தபடி நின்றாள். அது அசையவில்லை. பிறகு மெஷினை நிறுத்தினாள்.

சத்தம் நின்றது. அவர் விழிக்கவில்லை.

*

மதியத்துக்குள் சந்தின் குறுக்கே ஷாமியானா ஏறிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன, ஐஸ் பெட்டி வந்தது, தமட்டை அடிப்பவர்கள் வந்து முனையில் நெருப்பு மூட்டித் பறைத் தோலைக் காய்ச்சினார்கள். வெங்கடசாமி மாமா, அம்மாவின் அண்ணன், வந்த அரைமணியில் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார். அவர் இல்லையென்றால் அம்மாவும் பெண்ணும் அப்பாவின் இரண்டு பக்கமும் சும்மா உட்கார்ந்தே இருந்திருப்பார்கள். ஹரிச்சந்திரா காட் மயானத்தில் நேரம் வாங்கியாயிற்று, நாலு மணிக்கு எடுத்தால் சரியாக இருக்கும் என்றார். ஆண்பிள்ளை இல்லாததால் கொள்ளி வைக்கப் பங்காளி வீட்டு நரேஷ் இருக்கிறான். தர்ஷினிக்கு அவன் அண்ணன் முறை.

"முனிகிருஷ்ணனுக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"சொல்லணும்," என்றாள் அம்மா. அன்று அவள் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

நரேஷ் பழைய நம்பரைத் தேடி அடித்தான். ஒரு பெண் இந்தியில் திட்டிவிட்டு வைத்தாள். வேறு நம்பர் யாரிடமும் இல்லை. அத்திபெலேயில் போய் எந்தத் தெருவில் தேடுவது என்று மாமா கேட்டார். தர்ஷினி, தன்னிடம் மெயில் ஐடி இருக்கிறது என்றாள். அவள் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள்.

அப்பாவின் முகவரியிலிருந்து போனிலேயே எழுதினாள். சித்தப்பா, அப்பா போயிட்டாங்க. நாலு மணிக்கு எடுக்கறாங்க. வீட்டுக்கு வாங்க. கீழே தன் நம்பரைப் போட்டு அனுப்பினாள்.

வந்த பெண்கள் ஒவ்வொருவராக அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளுக்குச் சத்தம் போட்டு அழ வரவில்லை. யாராவது கட்டிக்கொள்ளும்போது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுப்பக்கம் தொங்கவிட்டிருந்தாள். அப்படி யாரோ ஒருவர் தோளில் முகம் அழுந்தியிருந்தபோது, உள்ளறையில் மணி அடித்தது.

அவளுக்கு மட்டும்தான் அது என்ன சத்தம் என்று தெரியும். உள்ளே போய்ப் பார்த்தாள். 'உங்கள் முறை'.

வெளியே வந்ததும் மாமா, "இன்னாம்மா, மெயில் கியில் வந்துச்சா? இன்னா சொல்றான்?" என்றார்.

"ஒண்ணும் சொல்லல மாமா. ஆடி அனுப்பியிருக்காரு."

"இன்னாத்த ஆடி?"

அவள் விளக்கினாள். முழுக்கச் சொல்லி முடிக்கும் முன்பே மாமா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணன் பெட்டிக்குள்ள கெடக்கான், தொரைக்கு வெளயாட்டு. உடும்மா. அவன் வரமாட்டான். பழசுக்குப் பழி வாங்கறான்."

நாற்காலிகளில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்போதே அவன் அப்படித்தான் என்றார் ஒருவர். தர்ஷினியும் கொஞ்ச நேரம் அதை நம்பினாள். நம்பியதால்தான் உள்ளே போய் ஃபைலைத் திறந்தாள். அப்படி என்னதான் ஆடியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது.

நிலம் முழுக்க இருட்டாக இருந்தது. நடுவில் சிறிய வெளிச்சம், அதில் அப்பாவின் இரண்டு வண்டிகள். ஊர் கட்டப் போகும் ஆட்களோடு. இன்னும் ஓரடி நகராமல் நின்றன. ஆட்டத்தில் யார் ஊர் கட்டினாலும் அதன் பெயரை மற்றவருக்கு முதலிலேயே அறிவித்துவிடும். திரையின் மேலே அந்த வரி வந்து நின்றது. முதல் ஆட்டக்காரர் புதிய ஊர் ஒன்றை அமைத்திருக்கிறார். ஊரின் பெயர், ஸ்ரீராம்புரம்.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் செத்த செய்தியைப் படித்த மனிதன், நிலத்தைச் சுற்றிப் பார்த்து, இடம் தேர்ந்து, இந்தப் பெயரைத் தட்டியிருக்க முடியாது. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. அவர் எதையும் படிக்கவில்லை. படிக்க எதுவும் அவரிடம் போய்ச் சேரவில்லை. ஃபைல் இல்லாத மெயிலை அவள் எழுதிய புரோக்ராம் வந்த கையோடு அழித்திருக்கும். ஒரு வார்த்தையும் நுழையக் கூடாது என்றுதான் அதை அவ்வளவு கவனமாக எழுதியிருந்தாள்.

அம்மா அப்பாவின் வேட்டியை எடுக்க பீரோவைத் திறந்தவள், திரையைப் பார்த்து நின்றாள்.

"யார் முறைடி?"

"அப்பாது."

அம்மா வேட்டியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். தர்ஷினி புரோக்ராமைப் பற்றிச் சொன்னாள். அம்மாவுக்கு அது எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை.

"அவனுக்குத் தெரிஞ்சா ஆடுவானா?" என்றாள். "எப்படியாவது சொல்லிடு. இன்னொரு வாட்டி அவனுக்கு அப்டி ஆவக் கூடாது. உங்கப்பா அதையே நெனச்சினு இருந்தாரு."

"மாமாகிட்ட லேட்டா எடுக்கச் சொல்லலாமாம்மா?"

"கேட்டுப் பாரு."

கேட்டாள். மாமா கோபப்படவில்லை, அதுவே கஷ்டமாக இருந்தது. மயானத்தில் கொடுத்த நேரத்தை விட்டால் நாளைக்குத்தான் என்றார். வராத ஒருத்தனுக்காக உங்கப்பனை ராத்திரி பூரா பெட்டியில் வைப்பியாம்மா என்றார். 

திரும்பி வந்து லேப்டாப்பின் முன் உட்கார்ந்தாள். சித்தப்பா பார்க்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அவள் முதல் வண்டியை நின்ற இடத்திலேயே நிறுத்தி, ஊர் கட்டச் சொன்னாள். ஊரின் பெயர் என்ன என்று ஆட்டம் கேட்டது.

சித்தப்பா அப்பா இறந்துட்டாங்க என்று ஆங்கில எழுத்தில் தட்டினாள். பதினாறு எழுத்துக்கு மேல் அது வாங்கவில்லை. சித்தப்பா அப்பா என்பதோடு வெட்டிவிட்டு, இந்தப் பெயர் சரியா என்று கேட்டது. அழித்தாள். சித்தப்பாவை எடுத்தாள். அப்போதும் இடம் போதவில்லை. கடைசியில், அப்பா போயிட்டாங்க என்று மட்டும் போட்டாள். நதிக்கரையில் அந்த ஊர் எழும்பியது. நான்கைந்து வீடுகள், ஒரு கொடி.

இரண்டாவது வண்டிக்கு நல்ல நிலம் தேட நேரமில்லை. சதுப்பில் நிறுத்தி ஊர் கட்டினாள். பார்த்திருந்தால் அப்பா, அங்க என்ன தவளையா குடிவெக்கப் போற என்றிருப்பார். அந்த ஊருக்கு, நாலை எண்ணாகப் போட்டு இடம் பிடித்து, 4 மணிக்கு வாங்க என்று பெயர் வைத்தாள்.

வேறு எதையும் செய்யாமல் முறையை முடித்தாள். ஃபைல் போய்விட்டது.

வாசலுக்கு வந்தபோது எதிர்வீட்டுக்காரி இன்னொருத்தியிடம், சாவு வீட்டில் அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறது பார், படிச்ச புள்ளைங்களுக்கு நெஞ்சு கல்லு என்று சொல்வது காதில் விழுந்தது. தர்ஷினி ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். தமட்டை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் உள்ளே மணி அடித்தாலும் கேட்காது. இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தாள். திரை அப்படியே இருந்தது. சித்தப்பா ஆடி அனுப்பிவிட்டு லேப்டாப்பை மூடியிருக்கலாம். கறி வாங்கப் போயிருக்கலாம். சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கலாம். அண்ணன் யோசித்து ஆட எப்படியும் இரண்டு நாளாகும் என்று அவருக்குத் தெரியும்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். அவளும் வாய்க்கரிசி போட்டாள். அரிசி உதட்டின் மேல் சிதறியது. ஒன்றிரண்டை விரலால் ஒதுக்கி உள்ளே தள்ளினாள். சந்து முனைவரை பெண்கள் போனார்கள். அங்கே நிற்கச் சொன்னார்கள், நின்றாள். வண்டி திரும்பியதும் பூக்கள் மட்டும் ரோட்டில் கிடந்தன. அதன்மேல் ஒரு ஆட்டோ ஏறிப் போயிற்று.

வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். உள்ளேயிருந்து தண்ணீரைத் தள்ளத் தள்ள, அது வாசற்படி இறங்கிச் சந்தில் ஓடியது. தர்ஷினி துடைப்பத்தோடு வாசலில் நின்றிருந்தாள். ஒரு பைக் சந்துக்குள் வந்து, மடக்கிவைத்த நாற்காலிகளுக்கு முன்னால் நின்றது.

இறங்கியவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. வீட்டில் போடுகிற பனியன் மாதிரியான டீ ஷர்ட். படிக்கிற கண்ணாடி கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கியது. அவர் ஓடிவருகிற தண்ணீரைப் பார்த்தார். அது அவர் செருப்புக்கு அருகில் வந்து, சுற்றிக்கொண்டு போயிற்று.

உள்ளே வாளியைத் தூக்கிய எதிர்வீட்டுக்காரி அப்படியே நிறுத்தி, "யாரு? நீங்க எந்த முறை?" என்றாள்.

அவர் தர்ஷினி பக்கம் திரும்பினார். 

"அப்பாவோட தம்பி," என்றாள் தர்ஷினி.

"பொம்மனஹள்ளிகிட்ட ஜாம்," என்றார் சித்தப்பா, யாரிடமோ சொல்வதுபோல். "நவுரவே இல்ல."

தர்ஷினி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நரேஷுக்குப் போன் செய்தாள். அவனுக்கு அவள் இதற்குமுன் போன் செய்ததே இல்லை.

"ஆரம்பிச்சுட்டாங்களாண்ணா?"

"இல்லம்மா. நமக்கு முன்னாடி ஒண்ணு இருக்குது. முடியலை இன்னும். ஏன்?"

"வெக்காதீங்க. நாங்க வரோம்."

"நாங்கன்னா?"

அவள் வைத்துவிட்டாள். பொம்பளைங்க மசானத்துக்குப் போகிற வழக்கம் இல்லை என்று எதிர்வீட்டுக்காரி ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து அம்மா, ஈரப் புடவையோடு வாசற்படிவரை வந்தாள். சித்தப்பாவை அவள் பார்த்தாள், அவர் தரையைப் பார்த்தார்.

"போவட்டும்," என்றாள் அம்மா. "ஒன்வே எல்லாம் மாத்திட்டாங்க. அவனுக்கு வழி காட்ட ஆள் வேணும்."

சித்தப்பா இந்தச் சந்தில் பிறந்தவர். ஹரிச்சந்திரா காட் இரண்டு ரோடு தள்ளி இருக்கிறது. எதிர்வீட்டுக்காரி மறுபடி வாளியைத் தூக்கினாள்.

அவர் பைக்கைத் திருப்பி ஸ்டார்ட் செய்தார். தர்ஷினி பின்னால் ஏறி, பிடித்துக்கொள்ள இடம் தேடிச் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவர் கிளம்பவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி, திரும்பாமலே பின்னால் நீட்டினார்.

"போட்டுக்கோ. சர்க்கிள்ல போலீஸ் நிப்பான்."

அவர் தலைமுடி நரைத்திருந்தது. அவள் ஹெல்மெட்டை வாங்கித் தலையில் மாட்டினாள். அவளுக்கு அது பெரியது, கீழே இறங்கி முகத்தோடு அழுந்தி நின்றது. நெற்றிப் பக்கம் காய்ந்திருக்க, இரண்டு கன்னத்துப் பக்கமும் உள்ளே இருந்த பஞ்சு ஊறிப்போயிருந்தது. அவள் பட்டையை இழுத்து மாட்டிக்கொண்டாள்.